சட்டப்படி தர்பூசணி ஒரு காய்கறி

அமெரிக்காவில் ஒக்லஹோமா என்று ஒரு மாநிலம். 2007-ல் அங்கே சட்டமன்றத்தில் மசோதா கொண்டு வந்து, இரண்டு அவைகளிலும் வாக்கெடுத்து, ஆளுநரும் கையெழுத்துப் போட்டு ஒரு சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் சாரம் இதுதான்: இனிமேல் ஒக்லஹோமாவின் அதிகாரபூர்வ மாநிலக் காய்கறி தர்பூசணி.

ஆமாம், காய்கறிதான். அச்சுப்பிழை இல்லை.

தர்பூசணியை மாநிலப் பழமாகவே அறிவித்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல். 2005-லேயே ஸ்ட்ராபெர்ரி ஓடிவந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. தர்பூசணி விளையும் பகுதியின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளரிக்காய், பூசணிக்காய் குடும்பம்தானே இதுவும், அவை காய்கறி என்றால் இது ஏன் கூடாது என்று ஒரு வாதத்தைக் கண்டுபிடித்தார்கள். தாவரவியல்படி பார்த்தால் வெள்ளரிக்காயே ஒரு பழம். ஆனால் சட்டமன்றத்தில் தாவரவியலுக்கு ஓட்டு கிடையாதே.

இந்த வாதத்துக்கு ஒரு தாத்தா வாதம் உண்டு. 1893-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தக்காளி வழக்கு ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் காய்கறிக்கு 10 சதவீதம் சுங்க வரி, பழத்துக்கு வரி இல்லை. தக்காளி இறக்குமதி செய்த வியாபாரி, அது பழம்தான், கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். நீதிபதிகள் தாவரவியல்படி அது பழம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஜனங்கள் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்தபின் இனிப்பாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே அது காய்கறி என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்த அளவுகோலை ஒக்லஹோமாவில் வைத்திருந்தால் தர்பூசணி கதை கந்தலாகியிருக்கும். அங்கே யாரும் அதைக் கூட்டு வைத்துச் சாப்பிடுவதாகத் தெரியவில்லை.

தக்காளி விஷயத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியது ஆர்கன்சா. 1987-ல் தங்கள் ஊர்த் தக்காளியை மாநிலப் பழமாகவும் மாநிலக் காய்கறியாகவும் ஒரே மூச்சில் அறிவித்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் மனக்கசப்பு இல்லை. பிறகு டென்னசியும் ஒஹாயோவும் தக்காளியைப் பழம் என்றே சட்டம் போட்டன. ஆக அமெரிக்காவில் தக்காளி எதுவென்பது எந்த மாநில எல்லைக்குள் அது உருள்கிறது என்பதைப் பொறுத்தது.

இந்தக் கூத்து எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனால் ஆச்சரியமாக, கொஞ்சம் கண்ணியமான இடத்தில் போய் நிற்கும். 1893-ல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. (விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு அதன் ஒரு பகுதியாகத்தான் நடந்தது.) ஒவ்வொரு மாநிலமும் ஒரு பூவைத் தேர்ந்தெடுக்கட்டும், எல்லாம் சேர்த்து ஒரு தேசியப் பூமாலை ஆகட்டும் என்று அப்போது ஒரு யோசனை கிளம்பியது. வாஷிங்டன் மாநிலப் பெண்கள் 1892-லேயே இறங்கிவிட்டார்கள். மாநிலம் முழுக்க வாக்குச் சாவடி அமைத்தார்கள். கடைசியில் போட்டி க்ளோவர் பூவுக்கும் ரோடோடென்ட்ரான் பூவுக்கும். ரோடோடென்ட்ரான் ஜெயித்தது. வாக்களித்தவர்கள் பெண்கள் மட்டும். அன்றைக்கு அவர்களுக்கு நிஜத் தேர்தலில் ஓட்டுரிமை இல்லை. மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாது, பூவைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த மாநிலத்தில் பெண்களுக்கு நிலையான ஓட்டுரிமை 1910-ல்தான் வந்தது. பூவுக்குச் சட்டமன்றத்தின் முறையான அங்கீகாரம் கிடைக்க 1959 ஆயிற்று.

மினசோட்டாவில் வேறு கதை. 1893-ல் ஒரு காட்டு ஆர்க்கிட் பூவை மாநிலப் பூவாக அறிவித்தார்கள். சட்டத்தில் தாவரவியல் பெயரையும் கவனமாக எழுதினார்கள். ஒரே ஒரு குறை, அந்தப் பெயருக்குரிய பூ மினசோட்டாவில் வளர்வதே இல்லை. பெண்கள் சங்கம் ஒன்று அதைக் கண்டுபிடித்துச் சொல்லி, 1902-ல் உள்ளூரில் நிஜமாகவே பூக்கும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த வகைக்கு மாற்றினார்கள்.

பூ முடிந்ததும் பறவை. 1920-களில் பெண்கள் சங்கங்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து மாநிலப் பறவைகளைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். ஐம்பது மாநிலங்கள், எத்தனையோ நூறு வகைப் பறவைகள். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கார்டினல் என்ற செக்கச்சிவந்த குருவியை மட்டும் ஏழு மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. மாக்கிங்பேர்ட் ஐந்து மாநிலங்களுக்கு. யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. யூட்டா மாநிலம் 1955-ல் தேர்ந்தெடுத்தது கலிஃபோர்னியா கடற்புறாவை. பக்கத்து வீட்டுப் பெயர் கொண்ட பறவை, அதுவும் கடலே இல்லாத மாநிலத்துக்குக் கடற்புறா! அதற்குக் காரணம் இருக்கிறது. 1848-ல் அங்கே குடியேறிய மார்மன் மக்களின் பயிரை வெட்டுக்கிளி மாதிரியான பூச்சிக் கூட்டம் தின்றுகொண்டிருந்தபோது, இந்தப் பறவைகள் கூட்டமாக வந்து பூச்சிகளைத் தின்று தீர்த்தனவாம். சால்ட் லேக் சிட்டியில் இந்தப் பறவைக்குச் சிலையே இருக்கிறது.

டெலவேரும் ரோட் ஐலண்டும் இன்னும் எளிமை. இரண்டுக்கும் மாநிலப் பறவை கோழி. 1939-ல் டெலவேர் நீலக்கோழியை எடுத்துக்கொண்டது. அமெரிக்க விடுதலைப் போரில் அந்த ஊர்ப் படையினர் சண்டைக்கோழிகளைக் கூடவே தூக்கிக்கொண்டு போனார்களாம். ரோட் ஐலண்டின் சிவப்புக்கோழிக்கு வீரக்கதை எல்லாம் இல்லை. முட்டை நன்றாகப் போடும். 1954-ல் மாநிலப் பறவை ஆகிவிட்டது. மாநிலப் பறவையைக் குழம்பு வைத்துச் சாப்பிடலாம் என்ற சலுகை வேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பூ, பறவை, மரம் என்று மூன்றோடு நிறுத்தியிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு வகை தீர்ந்துபோனால் இன்னொரு வகையை உண்டாக்கலாம் என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். டெக்சாஸில் மாநில விலங்கு எது என்பதில் சண்டையா? பெரிய பாலூட்டி ஒன்று (நீளக்கொம்பு மாடு), சின்னப் பாலூட்டி ஒன்று (ஆர்மடில்லோ), பறக்கும் பாலூட்டி ஒன்று (வௌவால்). மூன்றும் 1995-ல் வந்தவை. அந்த மாநிலத்துக்கு மிளகாயே இரண்டு: ஹலபேன்யோ ஒன்று, காட்டில் தானாக விளையும் சில்டெபின் ஒன்று. 1997-ல் மாநில மூலக்கூறு என்று ஒன்றையும் சேர்த்தார்கள். 60 கார்பன் அணுக்கள் கால்பந்து மாதிரி அமைந்த பக்மின்ஸ்டர்ஃபுல்லரீன். அது 1985-ல் டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, 1996-ல் நோபல் பரிசும் வந்தது. பெருமைப்படட்டும், தப்பில்லை.

டெக்சாஸின் மாநில டைனோசர் கதைதான் பரிதாபம். 1997-ல் ப்ளூரோசீலஸ் என்று அறிவித்தார்கள். பிறகு ஒரு ஆராய்ச்சி மாணவர் எலும்புகளை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, இது அந்த டைனோசரே இல்லை, புது இனம் என்றார். அதற்குப் பலக்சிசாரஸ் என்று பெயர். 2009-ல் சட்டமன்றம் மறுபடி கூடித் திருத்தியது. மூன்று வருடம் போவதற்குள் இன்னொரு ஆய்வு வந்தது: பலக்சிசாரஸ் என்று தனி இனமே கிடையாது, 2000-ல் பெயரிடப்பட்ட சாரோபொசைடனும் இதுவும் ஒன்றே. அந்தச் சாரோபொசைடன் முதலில் கிடைத்த இடம், டெக்சாஸ்காரர்கள் கால்பந்தில் ஜென்ம விரோதியாக நினைக்கும் ஒக்லஹோமா :-)

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பட்டியலுக்குத் தனிப் பொறுமை வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னங்கள். மாநில நாய், மாநிலப் பூனை, மாநில அவரை, மாநில டோனட், மாநில பிஸ்கட் (சாக்லேட் சிப் குக்கி, 1997). மாநிலப் பாட்டு, மாநில நாட்டுப்புறப் பாட்டு, மாநில போல்கா என்று பாட்டு இலாகாவே தனியாக இருக்கிறது. 1986-ல் சோள மஃபின்தான் மாநில மஃபின் என்றார்கள். நியூயார்க்குக்குப் பொறுக்கவில்லை, 1987-ல் ஆப்பிள் மஃபின். மினசோட்டா மட்டும் இளைத்ததா, 1988-ல் ப்ளூபெர்ரி மஃபின். அதே 1988-ல் ஒக்லஹோமா இந்தச் சில்லறைப் போட்டியெல்லாம் வேண்டாம் என்று ஒரு முழுச் சாப்பாட்டையே மாநிலச் சின்னமாக அறிவித்தது. வறுத்த வெண்டைக்காய், பூசணி வகையில் ஒன்று, சோள ரொட்டி, பார்பெக்யூ பன்றிக்கறி, பிஸ்கட், சாசேஜும் கிரேவியும், சோள ரவைக் கஞ்சி, சோளம், ஸ்ட்ராபெர்ரி, கோழி வறுவல் பாணியில் பொரித்த மாட்டிறைச்சி (பெயரில் கோழி, தட்டில் மாடு), பீக்கன் பை, காராமணி. இத்தனையும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. மாநில ஜீரண மாத்திரை என்று ஒன்றை ஏன் விட்டார்களோ!

வெர்மான்ட் 1999-ல் ஆப்பிள் பையை மாநிலப் பலகாரமாக அறிவித்ததோடு நிற்கவில்லை. அதை எப்படிப் பரிமாற வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஒரு டம்ளர் குளிர்ந்த பால், அல்லது குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸ், அல்லது பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் இவற்றில் ஒன்றோடு கொடுக்க "நல்லெண்ண முயற்சி" செய்ய வேண்டுமாம். தவறினால் என்ன தண்டனை என்று சொல்லப்படவில்லை. மாமியார்களால் மட்டுமே எழுதக்கூடிய சட்டம்.

நியூ மெக்சிகோவுக்கு மாநிலக் கேள்வி உண்டு: "சிவப்பா, பச்சையா?" சாப்பாட்டுக் கடையில் எந்த மிளகாய்ச் சாறு ஊற்றட்டும் என்று கேட்பதைத்தான் 1990-களில் மாநிலக் கேள்வியாக்கினார்கள். பிறகு 2007-ல் அதற்கு மாநில விடையும் வந்தது: சிவப்பும் பச்சையும், அல்லது கிறிஸ்துமஸ். (இரண்டு நிறமும் சேர்ந்தால் அங்கே கிறிஸ்துமஸ் என்றுதான் சொல்வார்கள்.) கேள்வியையும் விடையையும் அரசாங்கமே கொடுத்துவிடும் பரீட்சை இது ஒன்றுதான். 2023-ல் பச்சை மிளகாய் சுடும் வாசனையை மாநில வாசனையாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் வாசனைக்கு இந்த மரியாதை கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஹவாயின் மாநில மீன் பெயர் ஹுமுஹுமுநுக்குநுக்குஆபுஆஆ. பன்றி மாதிரி மூக்குள்ள மீன் என்று பொருள். 1980-களின் நடுவில் பெரிய வாக்கெடுப்பு வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஐந்து வருட ஆயுள்தான் கொடுத்திருந்தார்கள். 1990-ல் காலாவதியானது யாருக்கும் தெரியாது. பல வருடம் அந்த மீன் பதவி போனது தெரியாமலே டி-ஷர்ட்டுகளில் மாநில மீனாக வலம் வந்தது. 2006-ல்தான் நிரந்தரமாக்கினார்கள். மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவையும் யார் கேட்கிறார்கள்? பாதி விஷயத்தில் விடை எளிது, வியாபாரம். சுமார் இருபது மாநிலங்களின் மாநிலப் பானம் பால். பால்பண்ணை சங்கங்களுக்கு நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். உலகம் முழுக்க விஸ்கிக்குப் பெயர் போன கென்டக்கியின் மாநிலப் பானமும் 2005-லிருந்து பால்தான். நம்புகிறவர்கள் நம்பட்டும். நெப்ராஸ்காவின் மாநிலக் குளிர்பானம் கூல்-எய்டு, ரஸ்னா மாதிரி தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. 1927-ல் அந்த மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரில் பிறந்த சரக்கு. சுமார் இருபது மாநிலங்களுக்கு ஸ்கொயர் டான்ஸ் என்ற ஜோடி நடனம் மாநில நடனமாக இருப்பதும் தற்செயல் இல்லை, நடனக் குழுக்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கியது. பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களின் பூச்சி தேனீ. அதுவோ பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டு வந்த விருந்தாளி.

மீதிப் பாதியைக் கேட்பவர்கள் சின்னப் பிள்ளைகள். விஷயம் சுவாரசியமாவது இங்கேதான்.

அமெரிக்கப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்பில் சட்டம் எப்படி உருவாகிறது என்ற பாடம் வரும். விவரமான ஆசிரியர் ஒருவர், படித்தால் போதாது, செய்து பார்ப்போம் என்பார். பிள்ளைகள் ஒரு பூச்சியையோ தின்பண்டத்தையோ தேர்ந்தெடுத்துத் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவருக்கும் செலவில்லாத நல்ல பெயர். மசோதா வரும், குழந்தைகள் பேருந்தில் தலைநகரம் வந்து குழுவின் முன் சாட்சி சொல்வார்கள், ஆளுநரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். மாசசூசெட்ஸின் பொறிவண்டு, இல்லினாய்ஸின் பாப்கார்ன், நியூ மெக்சிகோவின் மிளகாய் வாசனை எல்லாம் இப்படி வந்தவையே.

எல்லா நேரமும் இது இனிப்பாக முடிவதில்லை. 2014-ல் நியூயார்க்கில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தயிரை (யோகர்ட்) மாநிலச் சிற்றுண்டியாக்கக் கேட்டார்கள். செனட்டில் முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. தயிர் சிற்றுண்டியா, சாப்பாடா? பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது அநியாயம் இல்லையா? கடைசியில் தயிர் ஜெயித்தது. வரவுசெலவுத் திட்டத்தைச் சில நாள் இதைவிட வேகமாக நிறைவேற்றுவார்கள் என்று அப்போது பலரும் கிண்டலடித்தார்கள்.

2015 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்ததுதான் மனதில் நிற்பது. ஹாம்ப்டன் ஃபால்ஸ் என்ற சிற்றூரின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள், சிவப்புவால் பருந்தை மாநில வேட்டைப்பறவை ஆக்க வேண்டும் என்று மசோதா தயாரித்திருந்தார்கள். குழுவில் தடையில்லாமல் நிறைவேறியது. அவையில் விவாதம் நடக்கும் நாளில் பிள்ளைகள் மாடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே 400 உறுப்பினர்கள் கொண்ட அவை. (அவர்களுக்கு வருடத்துக்கு 100 டாலர்தான் சம்பளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஓர் உறுப்பினர் எழுந்தார். இப்படியே போனால் அடுத்து மாநில ஹாட் டாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் என்றார். அது பரவாயில்லை, நியாயமான நக்கல். இன்னொருவர் எழுந்து, இந்தப் பருந்து இரையை நகத்தால் பற்றித் துண்டு துண்டாகக் கிழிக்கும் விதத்தை விவரித்தார். கருக்கலைப்புச் சேவை நடத்தும் ஓர் அமைப்பின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கு வேண்டுமானால் இது பொருத்தமான சின்னம் என்று முடித்தார். மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயது ஒன்பது, பத்து. மசோதா 133-க்கு 160 என்று தோற்றது.

அந்த உறுப்பினர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. அந்த மாநிலத்துக்கு 1957-லிருந்தே ஒரு மாநிலப் பறவை இருக்கிறது. வேட்டைப்பறவை என்று தனியாக இன்னொன்று எதற்கு என்று கேட்பது தப்பே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் வழி இருக்கும்போது, அரசியல் பகையை ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பருந்து மேல் ஏற்றியது அசிங்கம். சட்டமன்றம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் பிள்ளைகள் வந்தார்கள், நன்றாகவே தெரிந்துகொண்டு போனார்கள் என்று ஊரே பேசியது. நாடு முழுக்கச் செய்தியானது, தொலைக்காட்சி நையாண்டி நிகழ்ச்சிகள் அந்த அவையை வறுத்தெடுத்தன. மசோதா திரும்ப வந்து 2019-ல் சட்டமானது. அதற்குள் அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பை எட்டிவிட்டிருப்பார்கள்.

அதற்கு முந்தைய வருடம் தெற்கு கரோலினாவில் ஒரு மம்மத் யானை இதேபோல் மாட்டிக்கொண்டது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நம் மாநிலத்துக்கு மாநிலப் புதைபடிவம் இல்லை, மம்மத்தை வைக்கலாம் என்று கடிதம் எழுதினாள். அவள் சொன்ன காரணங்களில் ஒன்று கனமானது. 1725-ல் அங்கே ஒரு தோட்டத்துச் சதுப்பில் அடிமைகள் மண் தோண்டியபோது மம்மத் பற்கள் கிடைத்தன. வட அமெரிக்காவில் பதிவான மிக ஆரம்பகாலக் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. தோட்ட முதலாளிகளுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள், இது யானைப் பல் மாதிரி இருக்கிறது என்று சரியாகச் சொன்னார்கள். யானையைத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் அவர்கள்தானே. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இந்த மசோதாவில் யாருக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? இருந்தது. செனட்டர் ஒருவர், இந்த விலங்கைக் கடவுள் ஆறாம் நாளில் படைத்தார் என்ற விவிலியக் கருத்தையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றார். இன்னொருவர் முட்டுக்கட்டை போட்டார். வாரக்கணக்கில் இழுத்து, மத வாசகங்கள் நீக்கப்பட்டு, 2014 மே மாதம் கொலம்பிய மம்மத் மாநிலப் புதைபடிவம் ஆனது. பத்தாயிரம் வருடத்துக்கு முன் அழிந்த யானைக்கு இவ்வளவு பகையாளிகள்.

வெர்மான்டில் 2015-ல் இன்னொரு பள்ளிச் சிறுமி, மாநிலத்துக்கு லத்தீன் மொழியில் ஒரு குறிக்கோள் வாசகம் வேண்டும் என்று கேட்டாள். "ஸ்டெல்லா குவார்ட்டா டெசிமா ஃபுல்ஜெயாட்", பதினான்காம் விண்மீன் ஒளிரட்டும் என்று பொருள். அமெரிக்க ஒன்றியத்தில் பதினான்காவதாகச் சேர்ந்தது வெர்மான்ட், 1780-களில் அதன் நாணயங்களிலும் இந்த லத்தீன் இருந்தது. உள்ளூர்த் தொலைக்காட்சி இந்தச் செய்தியை ஃபேஸ்புக்கில் போட்டதும் மக்கள் கொதித்து எழுந்தார்கள். இது அமெரிக்கா, லத்தீன் அமெரிக்கா இல்லை, அவர்கள் மொழி எங்களுக்கு எதற்கு என்று சரமாரியாகப் பின்னூட்டங்கள். ஜூலியஸ் சீசரை மெக்சிகோ எல்லையில் தடுத்து நிறுத்தத் தயாராக இருந்தார்கள். வாசகம் சட்டமாகிவிட்டது.

சிரித்துவிட்டுப் போக முடியாத சின்னங்களும் பட்டியலில் இருக்கின்றன. மேரிலாந்தின் மாநில விளையாட்டு, குதிரைமேல் ஈட்டியோடு பாயும் ஜௌஸ்டிங், 1962-லிருந்து. அது சிரிப்பு. அதே மாநிலத்தின் பாட்டு சிரிப்பில்லை. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல் தெற்குக்கு ஆதரவாக எழுதப்பட்டது, லிங்கனைக் கொடுங்கோலன் என்று திட்டுவது. 1939-ல் அதை மாநிலப் பாட்டாக்கினார்கள். பல பத்தாண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுதான். நீக்க எத்தனையோ முறை முயன்று 2021-ல்தான் முடிந்தது. வர்ஜீனியா தன் பழைய பாட்டை, அடிமை வாழ்வை ஏக்கத்தோடு நினைத்துப் பாடுவது அது, 1997-ல் ஓய்வு கொடுத்து அனுப்பியது. பேராசிரியர்களுக்குக் கொடுக்கிற மாதிரி கௌரவப் பட்டத்தோடு! பாடக் கூசுகிற பாட்டைத் தூக்கிப் போடவும் தைரியம் வரவில்லை.

கலிஃபோர்னியாவின் மாநில விலங்கு கிரிஸ்லி கரடி. கொடியிலேயே நடந்து போகிறது. மாநில விலங்காகச் சட்டம் போட்டது 1953-ல். அந்த மாநிலத்தின் கடைசிக் கரடிகள் சுடப்பட்டது 1920-களில். வாழ விடவில்லை, படமாக வைத்துக்கொண்டார்கள். அதே மாநிலத்தில் 2010-ல் மாநிலப் பாறையான செர்பென்டைனைப் பதவி நீக்க மசோதா வந்தது. அதில் கல்நார் இருக்கிறது, கல்நாரால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது காரணம். புவியியலாளர்கள் திரண்டு வந்து, எல்லா செர்பென்டைனிலும் கல்நார் கிடையாது, சும்மா கிடக்கும் பாறை யாரையும் கொல்லாது என்று வாதாடிப் பாறையைக் காப்பாற்றினார்கள். கரடிக்கு அப்படி வாதாட ஆள் இல்லாமல் போயிற்று.

மாநிலங்கள் மஃபினுக்கும் மிளகாய்க்கும் சட்டம் போட்டுக்கொண்டிருந்த இத்தனை காலமும் வாஷிங்டனில் மத்திய அரசு என்ன செய்தது? ரொம்ப நிதானம். ரோஜா தேசியப் பூவானது 1986-ல், ஓக் தேசிய மரமானது 2004-ல், காட்டெருமை தேசியப் பாலூட்டி ஆனது 2016-ல். வெண்தலைக் கழுகு? அது 1782-லிருந்து அரசு முத்திரையில் இருக்கிறது. பாஸ்போர்ட், ரூபாய் நோட்டு மாதிரி அவர்களுடைய டாலர் நோட்டு, அதிபர் பேசும் மேடை என்று எங்கும் அதுதான். ஆனால் அதைத் தேசியப் பறவை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தார். 2024 டிசம்பரில் அதிபர் பைடன் கையெழுத்துப் போட்டார். 242 வருடம் கழித்துக் கழுகுக்கு வேலை நிரந்தரமானது.